யாருடைய ‘நம்ம’?

நுவரெலியா நகரத்தில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் பீதுருதாலகால மலை தெரியும். உயரம் 2524 மீற்றர். இலங்கையில் அதற்கு மேல் உயரமில்லை. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது நாடு முழுக்கப் படம் போய்ச் சேரவேண்டும் என்று அந்த உச்சியில்தான் ஒளிபரப்புக் கோபுரத்தை நிறுத்தினார்கள். கொழும்புக்கும் குருநாகலுக்கும் படம் எங்கள் தலைக்கு மேலாகப் போனது. கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்தில் கரண்ட் கிடையாது.

ஆகவே என் முதல் தொலைக்காட்சி கார் பெட்டரியில் ஓடியது. 1996 உலகக் கிண்ணம். பணிய லயத்துத் தொங்க வீட்டின் இஸ்தோப்பில் கறுப்பு வெள்ளைப் பெட்டி; அதற்கு முன்னால் ஐம்பது அறுபது பேர். பெட்டிக்குள் இருந்தவர்கள் பேசியது ஆங்கிலம், இடையிடையே சிங்களம். எங்களுக்குத் தமிழில் சொன்னவர், கொழும்பில் ஒரு கடையில் நின்றுவிட்டு லீவில் வந்திருந்த அண்ணன் ஒருவர். சிங்களம் நன்றாகத் தெரியும், ஆங்கிலம் அரைகுறை, கிரிக்கெட் அதிலும் அரைகுறை. ஆனாலும் எழும்பி நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். மார்ச் 13ஆம் திகதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இந்தியாவும் இலங்கையும் அரையிறுதியில் மோதின. அன்றைக்கு அண்ணனுக்குப் பெரிய சங்கடம். டெண்டுல்கர் அடிக்கும்போது “நம்மாளு அடிச்சிட்டாரு” என்பார். ஜயசூரிய அவரை வீழ்த்தியதும் “நம்மாளு எடுத்துட்டாரு” என்பார். லயமே சிரித்தது. பெரியவர்களில் பாதிப்பேர் இந்தியா பக்கம், பையன்கள் பெரும்பாலும் இலங்கை பக்கம். அண்ணன் இரண்டு பக்கமும். இந்தியா 120க்கு 8 விக்கெட் என்றிருக்கையில் கூட்டம் கலவரம் செய்ய, ஆட்டம் இலங்கைக்கு என்று போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் அறிவித்தபோது மட்டும் அவர் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வர்ணனையாளர்களைக் கேட்டாயிற்று. யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த ‘நம்ம’ நினைவுக்கு வருகிறது. கேட்பவனைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ வேறு, அவனை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ வேறு என்று பிரித்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. வர்ணனையில் புழங்கும் ‘நம்ம’வில் அந்தப் பிரிவு மறைந்துபோகிறது. ஒலிவாங்கியில் இருப்பவர் சேர்த்துக்கொள்வதாக நினைத்துத்தான் சொல்கிறார். கேட்பவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்து அது அவனை வெளியேயும் தள்ளிவிடும்.

வானொலிக் காலத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1980களில் சென்னை வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், வி. இராமமூர்த்தி ஆகியோர் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தார்கள். கேட்பவன் எதையும் பார்க்கமுடியாது என்பதுதான் வானொலி வர்ணனைக்கு அடிப்படை. பந்து எந்தத் திசையில் போகிறது, எத்தனை பேர் துரத்துகிறார்கள், வெயில் எப்படி என்று எல்லாவற்றையும் வாயாலேயே வரைந்து காட்டவேண்டும். ஜப்பாரின் தமிழ் அதைச் செய்தது. தூய தமிழ் பேசியும் பந்தைவிடப் பின்தங்காமல் ஓடியவர் அவர். 

தொலைக்காட்சி அதற்கு நேர்மாறு. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவது என் கண்ணுக்கே தெரிகிறது. “பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது” என்று ஒருவர் கத்தத் தேவையில்லை. கமெரா காட்டாததைச் சொல்வதுதான் அங்கே வேலை: ஏன் அந்த இடத்தில் ஆள் நிறுத்தவில்லை, முந்தைய ஓவரில் எதைப் பார்த்துவிட்டு இந்தப் பந்தை இப்படிப் போட்டார். சொல்ல ஒன்றுமில்லாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பதும் அந்த வேலைதான். அவுஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ அதற்காகவே கொண்டாடப்பட்டவர். தமிழ்த் தொலைக்காட்சி வர்ணனை இந்தப் பாடத்தை இன்னும் படிக்கவில்லை என்பது என் முதல் குறை.

2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது. லயத்துக் கூரைகளில் அதற்கு முன்பே டிஷ் முளைத்திருந்ததால் சென்னைக்கு வந்தது எங்களுக்கும் வந்துசேர்ந்தது. அதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கொழுந்து பறித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்காரும் என் அம்மாவுக்கு இன்று யோர்க்கர் தெரியும். பனி இறங்கினால் பந்து வழுக்கும், அதனால் நாணயச் சுழற்சியில் வென்றவர் பந்துவீச்சைத் தேர்ந்தெடுப்பார் என்பதும் தெரியும். பனியைப் பற்றி அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. பந்தைப் பற்றித்தான் சொல்லித்தர ஆளில்லாமல் இருந்தது. முன்னாள் வீரர்களான பத்ரிநாத்தும் அபினவ் முகுந்தும் அதைச் செய்தார்கள். மட்டை எங்கே இறங்குகிறது, முன்கால் ஏன் போகவில்லை என்று ஒரு பந்தை அவர்கள் பிரித்துச் சொல்லும்போது வாத்தியார் வாசனை அடிக்காது. எனக்குப் பிடித்தவர்கள் வரிசையில் இருவருக்கும் இடமுண்டு.

ஸ்ரீகாந்தைப் பற்றி வீட்டுக்கு வீடு சண்டை. 1983 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவுக்காக 38 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டு அணிகளிலும் அதற்கு மேல் எடுத்தவர் இல்லை. அந்த ஆட்டத்தைப் போலவே பேச்சும்: கண்ட பந்தையெல்லாம் அடிப்பார், சில வேளை பந்தே வரும்முன் அடிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருடைய இரைச்சல் அவருக்குச் சொந்தம். அதைப் பார்த்து மற்றவர்களும் இரையத் தொடங்கியதுதான் தொல்லை. ஒரு ஓட்டத்துக்கும் அலறல், ஆறு ஓட்டத்துக்கும் அதே அலறல் என்றால் ஆறுக்கு என்ன மரியாதை? அதோடு சினிமா. விக்கெட் விழுந்தால் ஒரு பட வசனம், சிக்ஸர் போனால் ஒரு பாட்டு வரி. ஆர்.ஜே. பாலாஜியின் நகைச்சுவைக்கு மலையகத்திலும் ரசிகர்கள் ஏராளம்; நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கடைசி ஓவரில் மூன்று பேர் சேர்ந்து பகிடி விட்டுக்கொண்டிருக்கும்போது, களத்தடுப்பை அணித்தலைவர் மாற்றியதை ஒருவரும் கவனிக்கவில்லை என்றால் எரிச்சல் வராதா?

இரைச்சலைக்கூட ஒலியைக் குறைத்துச் சமாளிக்கலாம். ‘நம்ம’வை அப்படிக் குறைக்க வழியில்லை. இந்தியா இங்கிலாந்தோடு ஆடும்போது “நம்ம பசங்க” என்று சென்னையிலிருந்து வரும் குரல் எங்களையும் அணைத்துக்கொள்கிறது; நாங்களும் கூச்சமில்லாமல் கைதட்டுகிறோம். அதே குரல் இந்தியா இலங்கையோடு ஆடும் நாளிலும் “நம்ம பசங்க” என்கிறது. குசல் மெண்டிஸ் ஆட்டமிழந்தால் கொண்டாடுகிறது. தமிழ் புரிகிறது, ஆனால் அந்தத் தமிழ் எங்களைப் பார்த்துப் பேசவில்லை. சரி என்று சிங்கள அலைவரிசைக்கு மாற்றினால் அங்கே “அபே கொல்லோ”. அதற்கும் ‘நம்ம பையன்கள்’ என்றுதான் பொருள். பாலித பெரேரா, பிரேமசர எபசிங்க போன்றோர் வானொலியில் தொடங்கிவைத்த சிங்கள வர்ணனை கிரிக்கெட்டைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய், அதற்கென்று ஒரு சொற்களஞ்சியத்தையே உருவாக்கியது. பொறாமைப்படும்படியான சாதனை அது. அந்த ‘அபே’யில் நாங்கள் உண்டா என்பதற்கு மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம், ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு பதில் கிடைத்திருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் எல்லோருக்கும் பிடித்த குரல் எந்த ‘நம்ம’வும் சொல்ல உரிமையில்லாத ஒருவருடையது. தென்னாபிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்து அணிக்கு ஆடி, அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த டொனி கிரேக். இலங்கை விக்கெட் காப்பாளர் களுவிதாரணவை ‘லிட்டில் களு’ ஆக்கியவர். 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், லாஹூரில், அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றபோது அந்த மகிழ்ச்சியை மறைக்காமல் பேசியவர். வெளியில் நின்றபடியே நேசித்தார். அதனால் அந்த நேசத்தை யாராலும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள முடிந்தது. 2012 டிசெம்பரில் அவர் இறந்தபோது எங்கள் தோட்டத்திலும் கவலைப்பட்டார்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட.

அவரிடமும் ஒரு குறை உண்டு. ஓவருக்கு ஓவர் கமெரா மலைகளைக் காட்டும். இந்தத் தீவின் அழகை அவர் வாயாரப் புகழ்வார். தேயிலைச் சரிவு எவ்வளவு பசுமை என்று சொல்வதோடு பேச்சு நின்றுவிடும். அந்தச் சரிவில் கூடையோடு நிற்பவள் யார் என்று எந்த ஆங்கில வர்ணனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. டெஸ்ட் ஆட்டத்துக்குத் தேநீர் இடைவேளை இருபது நிமிடம். இலங்கை அணியின் சட்டையிலேயே ஒரு காலத்தில் தேயிலைக் கம்பனியின் பெயர் இருந்தது. அப்படியும் சொல்லவில்லை.

இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். 1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பர்னில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் ஏழு தடவை நோபோல் கொடுத்தார். அதன்பிறகு பல வருடங்கள் ஆங்கில வர்ணனை அந்தக் கையைப் பற்றியே பேசியது. பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. தோளும் மணிக்கட்டும் சேர்ந்து சுழல்வதால் கண்ணுக்கு எறிவது போலத் தோன்றும். 2004இல் கையில் பட்டை பூட்டிக்கொண்டு கமெரா முன்னால் பந்துவீசியும் காட்டினார். பிறகு 15 பாகை வரை கை நீளலாம் என்று சர்வதேச கிரிக்கெட் சபை எல்லோருக்கும் பொதுவாக விதித்தது. இவ்வளவையும் ஒரு பத்து நிமிடம் தமிழில் உட்கார்ந்து விளக்க எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் ஆளில்லை. ஹட்டன் டீக்கடையில் நாங்கள் ரோஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை பிடித்தோம். 2007 டிசெம்பர் 3ஆம் திகதி, கண்டி அஸ்கிரியவில், சொந்த ஊரில், கொலிங்வூட்டை போல்ட் செய்து 709ஆவது விக்கெட்டை எடுத்து ஷேன் வோர்னைத் தாண்டினார். பட்டாசுச் சத்தத்தோடு ஆங்கிலத்தில் கேட்டேன். அழகான ஆங்கிலம்தான்.

இலங்கை அணியின் முன்னாள் வீரர் ரஸல் ஆர்னல்ட் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கு வந்த அன்று அதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் ஆங்கிலம் கலந்த கொழும்புத் தமிழ்; தடுமாறுவார், சொல் கிடைக்காமல் நிற்பார். ஆனால் அந்த இழுப்பு இந்தத் தீவின் இழுப்பு. முக்கியமாக, இலங்கைப் பந்துவீச்சாளரின் பக்கம் நின்று அவன் என்ன யோசிக்கிறான் என்று தமிழில் சொல்ல ஒருவர் வந்திருந்தார். தமிழ்நாட்டில் சிலர் அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான், மொழிக்குறையோடு சேர்த்தே.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பத்திரிகைகளும் வானொலிகளும் துடுப்பாட்டம், களத்தடுப்பு, இணைப்பாட்டம் என்று எழுதியும் பேசியும் வந்திருக்கின்றன. சென்னையிலிருந்து வருவது பேட்டிங், ஃபீல்டிங், பார்ட்னர்ஷிப். தமிழ் அழிகிறது என்று இதற்காக அழ நான் தயாரில்லை. தோட்டத்து மைதானத்தில் எவனும் “ஆட்டமிழந்தார்” என்று கத்துவதில்லை, “அவுட்டு” என்றுதான் கத்துகிறான். இரண்டையும் இடம்பார்த்துப் போடத் தெரிந்தவர்தான் நல்ல வர்ணனையாளர்.

உதைபந்தாட்டத்தையும் விட்டுவிடக்கூடாது, தோட்டத்து இளைஞர்கள் காலால் ஆடுவது அதைத்தான். 2021இல் யூரோ கிண்ணத்தைச் சோனி டென் 4 தமிழில் தந்தது. இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் யாருக்கும் ‘நம்ம’ இல்லை. அதனாலேயே காதுக்கு இதமாக இருந்தது.

இலங்கையில் தமிழ் அலைவரிசைகள் இருக்கின்றன, லோஷன் போலக் கிரிக்கெட்டை விரல்நுனியில் வைத்துத் தமிழில் பேசும் வானொலிக்காரர்களும் இருக்கிறார்கள். பல்லேகல மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் அடுத்து ஆடும்போது ஓர் ஆட்டத்தையாவது முழுக்கத் தமிழில் தாருங்கள். இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் வேண்டாம். ஒருவர் ஆடிய அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். மற்றவரை ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ தேடுங்கள். அவர் டெண்டுல்கரையும் ஜயசூரியவையும் ஒரே மூச்சில் ‘நம்மாளு’ என்று சொன்னாலும் நாங்கள் ஒலியைக் குறைக்கமாட்டோம்.