வராத எண்ணுக்கு ஓர் இடம்

கற்பிட்டியில் 1807-ஆம் ஆண்டு பிறந்து, புத்தளம் பகுதியில் மணியகாரர் உத்தியோகம் பார்த்தவரும், ஊர்ப்பெயர்களையும் அவற்றுக்குரிய விவரங்களையும் திரட்டுவதிலே தீராத மோகம் கொண்டவருமான சைமன் காசிச்செட்டி, 1834-இல் இலங்கைக்கு ஒரு விவரத்திரட்டை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டபோது, தீவின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் அகராதி வரிசையிலேயே அடுக்கினார். அந்தக் காரியத்துக்கு அதைக் காட்டிலும் சிறந்த ஒழுங்கு வேறில்லை. அத்தகைய நூலைத் திறப்பவன் ஓர் ஊரின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறான். பெயரைக் கண்டதும் விவரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். வரைபு பார்க்க வருகிறவன் சங்கதி வேறு. எது மிகுந்தது, எது குறைந்தது, எந்தக் கோடு எந்த மாதத்தில் விழுந்தது என்ற கேள்விகளோடு வருகிற அவனுக்கு விடையாகக் கிடைக்க வேண்டியது ஒரு பெயர். அந்தப் பெயர் இன்னொரு பெயரின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், வரைபின் மற்ற லக்ஷணங்கள் எத்தனை இருந்தும் பிரயோஜனமில்லை.

அலுவலகங்களில் தரவுத்தளத்திலிருந்து மாதந்தோறும் எடுக்கப்படும் அறிக்கைகளிலே, வரைபுகளின் லேபல்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதைச் சரிசெய்வது ஏதோ கடைசி நேரத்துத் துடைப்பு வேலை என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். கணக்கைச் சரியாக எடுத்தவனுக்குப் பாராட்டு உண்டு. கணக்கின் பெயரைச் சரியான ஸ்தானத்தில் நிறுத்தியவனுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் ரசிகர்கள் இருப்பதுபோல இந்தச் சிறிய கைவேலைக்கும் நாலு பேர் ரசிகர்கள் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவர்களில் ஒருவனாக என்னைச் சேர்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

இந்த வேலைக்குப் பெரிய முன்னோர்கள் உண்டு. ஸ்கொட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட வரைபுத் தொகுதியில், டென்மார்க், நோர்வே நாடுகளோடு இங்கிலாந்து நடத்திய வியாபாரத்தைக் காட்டும் ஏட்டை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. எந்தக் கோடு எது என்பதை மூலையிலே ஒரு பெட்டி கட்டி விளக்காமல், கோட்டின் வளைவோடு கூடவே எழுத்தை வளைத்து, கோடே தன் பெயரைச் சொல்லும்படி பொறித்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், மூலைப் பெட்டியைப் பார்த்து நிறத்தை நினைவில் வைத்து மறுபடி கோட்டுக்குத் திரும்பி, அதற்குள் நிறத்தை மறந்து மறுபடி பெட்டிக்கு ஓடும் சிரமத்தை நம் கண்களுக்கு எத்தனையோ அறிக்கைகள் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்பதை நினைக்கும்போது பிளேஃபேரின் நாகரிகம் விளங்கும். பிறகு சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் என்னும் தேசப்பட வித்தகர், படத்தில் பெயர்களை அமைக்கும் முறை பற்றி 1962-இல் ஒரு கட்டுரை எழுதினார். பெயர் தனக்குரிய பொருளை ஐயமின்றிச் சுட்ட வேண்டும், பிற பெயர்களையும் பொருள்களையும் மறைக்கக் கூடாது, எளிதில் வாசிக்கப்பட வேண்டும் என்ற அவருடைய விதிகள் பார்வைக்குச் சாதாரணமானவை. கையிலே எடுத்து நடத்திப் பார்த்தால்தான் ஒரு விதியைக் காப்பாற்றப் போய் மற்றொன்று முறிவது தெரியும். ஒரு புள்ளியைச் சுற்றிப் பெயர் வைக்க எட்டு இடங்கள் என்று கொண்டால், பதினாறு புள்ளிகளுக்கு ஏறத்தாழ 2.8 கோடி கோடி விதமான அமைப்புகள் உண்டாகின்றன. இவ்வகைப் பிரச்சினைக்குச் சுருக்குவழி எளிதில் அகப்படாது என்று 1991-இல் ஜோ மார்க்ஸ், ஸ்டூவர்ட் ஷீபர் என்னும் இரு கணினி அறிஞர்கள் சாஸ்திரீயமாகவே காட்டினார்கள்.

ஆனால் பிளேஃபேருக்கும் இம்ஹோஃபுக்கும் இருந்த ஒரு சௌகரியம் அறிக்கை செய்பவனுக்கு இல்லை. மலை இடம் பெயராது. முடிந்துபோன வருஷத்து வியாபாரம் மாறாது. அவர்கள் ஒரு முறை நன்றாக யோசித்துப் பெயரை வைத்தால் அது வைத்தபடியே இருக்கும். தரவுத்தள அறிக்கையோ ஒவ்வொரு மாதமும் தானாகவே புதிதாக வரையப்படுவது. இந்த மாதம் உயர்ந்து நிற்கும் சலாகை அடுத்த மாதம் குட்டையாகலாம். இன்று விலகி நிற்கும் இரண்டு கோடுகள் நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத கல்யாணத்தில் பந்தி விசாரிப்பவன், வந்தவர்களுக்கு மட்டுமின்றி வரப்போகிறவர்களுக்கும் இடம் விட்டு இலை போடுவதுபோல, இந்தக் கைவினைஞன் இன்னும் பிறக்காத எண்ணுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். ஆகவே லேபலைச் சுட்டியால் பிடித்து இழுத்து நகர்த்தி வைப்பது இந்தக் கலையே அல்ல. அது அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சரி. எந்த எண் வந்தாலும் சரியாக நிற்கும்படி விதியை அமைப்பதுதான் கலை.

புத்தளம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். இந்தக் கலையைச் சோதிப்பதற்கு இதைவிட உகந்த மாவட்டம் எனக்குத் தெரிந்தவரை இல்லை. இங்கே பதினாறு பிரதேச செயலகப் பிரிவுகள். முந்தல், பல்லம என்று நான்கே எழுத்தில் அடங்கும் பெயர்களோடு, கருவலகஸ்வெவ, வண்ணாத்திவில்லு என்று எட்டு எழுத்துக்கு நீளும் பெயர்களும், பத்து எழுத்துள்ள மகாகும்புக்கடவலவும் ஒரே அச்சின் கீழே நிற்க வேண்டும். நிமிர்ந்த சலாகைகளாக வரையச் சொன்னால் மென்பொருள் என்ன செய்கிறது? இடம் போதாது என்று கண்டவுடன் ஒன்று விட்டு ஒன்றாகப் பெயர்களை விழுங்கிவிடுகிறது. வண்ணாத்திவில்லுக்குப் பெயர் இருக்கும். அடுத்த சலாகை அநாமதேயமாக நிற்கும். அது கற்பிட்டி என்பதைக் கற்பிட்டியான் மட்டும் அறிவான். மைக்ரோசொஃப்டின் ரிப்போர்ட்டிங் சர்விசஸ் என்னும் அறிக்கை மென்பொருளில் அச்சின் இடைவெளியைத் ‘தானியங்கி’ என்பதிலிருந்து 1 என்று மாற்றினால் பதினாறு பெயர்களும் வந்துவிடும். வந்ததும் சாய்ந்துகொள்ளும். சாய்வு போதாவிட்டால் செங்குத்தாக நிற்கும்.

ஆங்கில எழுத்தைச் சாய்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவே. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் எழுத்தே சிதைகிறது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் காலும் கொண்ட நம் எழுத்து, அளவைக் குறைத்துச் சரித்து நெருக்கியதும், ஒரு பெயரின் உகரச் சுழி அடுத்த பெயரின் புள்ளியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. புள்ளி மறைந்த மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. ‘கடவல’வுக்கு முன்னுள்ள ‘க்’ கண்ணுக்கு அகப்படாமல் போக, பார்க்கிறவன் பெயரை வாசிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்குகிறான்.

பரிகாரம் ஒன்றே ஒன்றுதான், அது அழகானதும்கூட: எழுத்தைச் சாய்க்காமல் வரைபைச் சாய்த்துவிடுவது. சலாகைகளைக் கிடையாகப் படுக்க வைத்தால் இடப்புறத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழு வரி கிடைக்கிறது; மகாகும்புக்கடவலவும் பல்லமவும் சமமான மரியாதையோடு நேராக உட்காருகின்றன. ஆனால் இங்கே ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. கிடைச் சலாகையில் முதற்பெயரை மென்பொருள் அடியிலே வைத்து மேல்நோக்கி அடுக்கும். கரையோரப் பிரிவுகளை வடக்கிலிருந்து தெற்காக, வண்ணாத்திவில்லு, கற்பிட்டி, புத்தளம், முந்தல், ஆராச்சிக்கட்டுவ, சிலாபம், மகாவெவ, வென்னப்புவ என்று வரிசைப்படுத்திக் கொடுத்தால், வென்னப்புவ உச்சியிலே ஏறி, வண்ணாத்திவில்லு காலடிக்குப் போய், கரை முழுவதும் தலைகீழாகிவிடும். அச்சைத் திருப்பிவிடுவதற்கு ஓர் அடையாளக் கட்டம் இருக்கிறது. அதில் ஒரு சரியடையாளம் இட்டால் வடக்கு வடக்கே திரும்பிவிடும். இந்த வரிசையையே தரவுத்தளம் தானாக அறியாது. அதற்குத் தெரிந்தது அகராதி வரிசை ஒன்றுதான். பிரிவுகளின் அட்டவணையில் ‘ஒழுங்கு எண்’ என்று ஒரு நிரல் சேர்த்து வைத்த யாரோ ஒரு முன்யோசனைக்காரர்தான் அந்த வரைபின் அழகுக்கு மூலகாரணம். வரைபைப் புகழ்கிறவர்கள் அந்த நிரலை ஒருநாளும் பார்ப்பதில்லை.

மீன்பிடியைப் பற்றிய அறிக்கையானால் இந்தக் கரைவரிசை பொருத்தம். கேள்வி ‘யாருக்கு அதிகம்’ என்பதானால் எண்ணின் இறங்குவரிசையே பொருத்தம். இரண்டையும் விட்டு அகராதி வரிசையில் விட்டுவைப்பது சோம்பல்.

இனி, கோடுகள். புத்தளம் களப்பைச் சுற்றி மாம்புரி, சேகுவந்தீவு, விடத்தமுனை, நிர்மலபுர, உப்புடலுவ முதலிய இடங்களில் 2010-ஆம் ஆண்டு தொடக்கம் காற்றாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மெகாவாட். அவற்றின் மாதாந்த மின்னுற்பத்தியை ஐந்து கோடுகளாக ஒரே சட்டத்துக்குள் வரைவதாக வைத்துக்கொள்வோம். தென்மேல் பருவக்காற்று மே மாதம் அளவில் எழுந்து செப்டெம்பர் வரை அந்தக் கரையை அறைகிறது. ஒரே காற்று, ஒரே கரை, ஒரே அளவான ஆலைகள்; ஆகையால் ஐந்து கோடுகளும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும். டிசெம்பர் முனையில் பெயர்களை எழுதலாம் என்று போனால் ஐந்து பெயர்களும் ஒரே இடத்துக்கு வழக்காடும். இந்த நெரிசலை எழுத்தின் பிழையாகக் கருதிச் சிறிய எழுத்து, மெல்லிய எழுத்து, சுட்டுக்கோடு என்று ஏதேதோ உபாயம் தேடுபவர்கள் உண்டு. உண்மையில் அது காற்றின் குணம். வரைபு அதை யதார்த்தமாகவே சொல்லுகிறது. தேர்ந்தவன் ஐந்து கோடுகளையும் ஐந்து சிறு சட்டங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவுத்திட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் அதன் பெயரை எழுதுவான். ஐந்து தடவை திரும்பத் தோன்றும் அந்த ஒரே மேடு, காற்று எப்போது வந்தது என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடும். ஏதாவது ஓர் ஆலை யூலை மாதத்தில் மட்டும் பள்ளம் விழுந்து நின்றால் அதுவும் உடனே தெரியும். நெரிசலிலே அந்தப் பள்ளம் காணாமற் போயிருக்கும்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து ஆலை, பன்னிரண்டு மாதம்; அறுபது புள்ளிக்கும் அறுபது எண்ணை ஒட்டுவது கருமித்தனத்தின் மறுபக்கமான ஊதாரித்தனம். அதுவும் 12,34,567 கிலோவாட்-மணி என்று கடைசி இலக்கம் வரை. உச்சமான மாதத்துக்கு ஒன்று, கடைசி மாதத்துக்கு ஒன்று, அதுவும் 1.2 ஜிகாவாட்-மணி என்று சுருக்கி இட்டால் போதும். மிச்சத்தை வேண்டுபவருக்கு அட்டவணை இருக்கிறது.

இந்தக் காற்றாலைகளோடு நுரைச்சோலையையும் ஒரே படத்தில் காட்ட ஆசைப்படும் அதிகாரிகள் எங்கும் உண்டு. 2011-இல் முதல் இயந்திரம் ஓடத்தொடங்கி, 2014-இல் மூன்றும் நிறைந்த நிலக்கரி ஆலை அது, 900 மெகாவாட். அதன் சலாகையைத் தாளில் 18 சென்ரிமீற்றர் வரைந்தால் மாம்புரிக்கு 2 மில்லிமீற்றர் கிடைக்கும். அந்த 2 மில்லிமீற்றருக்குள்ளே பெயரையும் எண்ணையும் எழுதப் பார்க்கிற மென்பொருளைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, சிரிப்பதா? ‘சலாகை சிறிதானால் லேபல் வெளியே, பெரிதானால் உள்ளே’ என்று ஒரு நிபந்தனையை விதியாகவே எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு எந்த ஆலை வளர்ந்தாலும் தேய்ந்தாலும் பெயர் தானே வாசலுக்கு உள்ளும் வெளியும் நடந்துகொள்ளும். இதே விகிதத்தை வட்ட வரைபில் இட்டவருக்கு என் அனுதாபம் கிடையாது. வட்டத்தையும் அந்தப் பிளேஃபேரே 1801-இல் நமக்குத் தந்தார் என்பது உண்மைதான். பெரியவர்களிடமிருந்து வந்தவை அனைத்தும் வரமாகா. மேற்சொன்ன மென்பொருள் சிறு துண்டுகளை ஒன்றாகக் கூட்டி ‘மற்றவை’ என்று பெயரிட்டுவிடவும் வசதி செய்து கொடுத்திருக்கிறது; 5 சதவீதத்துக்குக் கீழே என்பது அதன் வழக்கமான எல்லை. காற்றாலைகளை அப்படிக் கூட்டலாம். மாவட்டத்தின் குடிசனக் கணக்கிலே மலாயரையும் பறங்கியரையும் அவ்விதம் கூட்டிப் பெயரை அழிப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை. அங்கே கிடைச் சலாகைக்குத் திரும்பி, எவ்வளவு சிறிய தொகையானாலும் அதன் பெயரைப் பக்கத்திலே எழுதிவிட வேண்டும்.

மும்மொழி நாட்டில் இன்னொரு சிக்கல். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே லேபலில் அடுக்கினால், பதினாறு பெயர் நாற்பத்தெட்டாகிறது. அறிக்கையைத் திறக்கும்போதே மொழியைக் கேட்டு, அந்த மொழிப் பெயரை மட்டும் தரவுத்தளத்திலிருந்து எடுத்து வருவது நல்ல வழி. ஆனால் அப்போது இடப்புற ஓரத்தின் அகலத்தை ஆங்கிலப் பெயரைப் பார்த்து நிர்ணயிக்கலாகாது. தமிழில் நீளமானதைப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சோதித்து ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்தாகி வந்த அறிக்கை, தமிழில் திறந்ததும் மகாகும்புக்கடவலவின் வாலை வெட்டிவிட்டு நிற்பதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

ரசிகன் என்ற முறையில் நான் ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது, மேற்சொன்ன எதையும் அல்ல. ஓர் ஆலையிலிருந்து ஒரு மாதத்துக் கணக்கு வந்து சேரவில்லை என்றால் தரவுத்தளத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமை வேறு, பூச்சியம் வேறு. காற்று ஓய்ந்த மாதத்தில் ஓர் ஆலை 0 உற்பத்தி செய்திருந்தால் ‘0’ என்று எழுதுவதே நேர்மை. கணக்கே வராதபோது மென்பொருள் அங்கே 0 என்று இட்டுக் கோட்டைத் தரையில் இறக்கிவிட்டால், ஓர் ஆலை நின்றுபோனதாகப் பொய்ச்செய்தி பிறக்கிறது. அந்த மாதத்தில் கோட்டை அறுத்து, அறுந்த இடைவெளியின்மேல் சாம்பல் நிறத்தில் ‘விவரம் வரவில்லை’ என்று இரண்டு சொல்லை நேராக எழுதி, அடுத்த மாதம் கணக்கு வந்ததும் அந்தச் சொற்கள் தாமாகவே நீங்கும்படி விதி எழுதியிருக்கிறவர் எவரோ, அவரிடம் மற்ற வரைபுகளையும் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.