ஆளில்லாத ஓவியங்களில் மனிதன்

இயற்கைக் காட்சிகளைத் தீட்டுபவன் மனிதத் துயரிலிருந்து ஒதுங்கிக்கொண்டவன் என்றொரு கருத்து நெடுநாளாக உலவி வருகிறது. மரத்தையும் மேகத்தையும் வரைகிறவனுக்கு மக்களைப் பற்றிய கவலை ஏது என்று கேட்கிறார்கள். ருஷ்ய ஓவியர் ஐசக் லெவிடானின் (1860–1900) படைப்புகளை ஊன்றி நோக்குவோர்க்கு இக்கருத்தின் வறுமை புலனாகும்.

லெவிடான் வறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். ஜார் மன்னர் மீது 1879-இல் நடந்த கொலை முயற்சிக்குப் பின் மாஸ்கோவிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது, ஓவியப் பள்ளி மாணவராயிருந்த அவரும் நகரை நீங்கினார். 1892-இல் மீண்டும் அதே கதி நேர்ந்தது. எந்த மண்ணின் பருவங்களை உயிரெனப் போற்றித் தீட்டினாரோ, அந்த மண்ணின் பெருநகரில் குடியிருக்கும் உரிமை அவருக்கு உறுதியாயிருக்கவில்லை.

1879-இல் அவர் வரைந்த 'சொக்கோல்னிக்கியில் இலையுதிர்கால நாள்' என்னும் ஓவியத்தில், உதிர்ந்த இலைகளினூடே கறுப்புடை அணிந்த பெண்ணொருத்தி நடந்து வருகிறாள். அவ்வுருவை வரைந்தவர் எழுத்தாளர் ஆன்டன் செக்கோவின் தமையனார் நிக்கோலாய். பிற்காலத்தில் லெவிடானுக்கு அத்தகைய துணை பெரும்பாலும் தேவைப்படவில்லை.

'மார்ச்' (1895) ஓவியத்தைப் பாருங்கள். பனியின் மேல் நீல நிழல்கள், வெயில் படிந்த மஞ்சள் சுவர், திறந்திருக்கும் கதவு, வாயிலில் பனிச்சறுக்கு வண்டியுடன் காத்து நிற்கும் குதிரை, உயர்ந்த மரத்தில் ஒரு பறவைக் கூண்டு. மனிதர் எவரும் இல்லை. ஆயினும் உள்ளே சென்றவர் இதோ வந்துவிடுவார் என்று மனம் எதிர்பார்க்கிறது. வசந்தமும் அவ்வாறே வாயிற்படியில் நிற்கிறது.

பண்டை அரபுக் கவிஞர்கள் கஸீதாவின் தொடக்கத்தில், காதலியின் கூட்டத்தார் விட்டுச்சென்ற அடுப்புக் கற்களையும் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வாய்க்காலையும் கண்டு கலங்குவர். ஆளில்லை, தடம் பேசும். லெவிடானின் 'விளாதிமிர்க்கா' (1892) அத்தகையது. சைபீரியாவுக்குக் கைதிகள் நடத்திச் செல்லப்பட்ட சாலை அது. சாம்பல் நிற வானத்தின் கீழ், காலடிகள் தேய்த்த ஒற்றையடிப் பாதைகள் சாலையோரமாக நீண்டு செல்கின்றன. விலங்கு பூண்ட கைதி ஒருவரையும் அவர் வரையவில்லை. வரைந்திருந்தால் அந்த ஒருவருக்காக இரங்கியிருப்போம். இப்போதோ அவ்வழி சென்ற அனைவரையும் எண்ணுகிறோம்.

இவ்வளவையும் கூறிய பின் ஒரு குறையையும் கூறுதல் முறை. 1895-இல் தீட்டிய 'பொன் இலையுதிர்காலம்' மிகுந்த புகழ் பெற்றது. அதன் மஞ்சளும் நீலமும் கண்ணைக் கவர்கின்றன. எனினும், அவ்வொளி கண்ணளவிலேயே நின்றுவிடுகிறது. 'மார்ச்' ஓவியத்தின் காத்திருப்பு அதில் இல்லை.

தமிழ் இலக்கணத்தார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். மாந்தர் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றனர். லெவிடான் முதற்பொருளை மட்டுமே தீட்டினார் என்போர், அதனுள் உரிப்பொருள் உறைவதைக் காணத் தவறியவரே ஆவர்.