வயிறு கற்றுத்தராத பாடம்

கோடை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து இடியும் இடித்துவிட்டால், தோப்புக்கும் புற்றுமேட்டுக்கும் விடியற்காலையிலேயே ஆட்கள் கிளம்பிவிடுவது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்றும் உண்டு. அவர்கள் தேடிப் போவது புற்றுக் காளான். பறிக்கும் கையைக் கவனித்தாலே இந்தப் பழக்கத்துக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய காளானாக இருந்தால் காம்பை மேலோடு ஒடிப்பதில்லை. ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணை இளக்கி, காம்பு வேர்போல மெலிந்து கீழே இறங்கும் தடத்தைப் பிடித்துக்கொண்டே தோண்டுகிறார்கள். அந்த வேர் மண்ணுக்குள் கரையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம்வரை போகும். மேலே, குடையின் நடுவில், மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்த கூர்முனை இருக்கும். கீழே வேர், மேலே முனை, பக்கத்தில் கரையான்: இந்த மூன்றும் சேர்ந்த காளானை வேறொன்றாக நினைப்பது கடினம். அறிவியல் இதற்கு வைத்த பெயர் டெர்மிட்டோமைசஸ். இந்தப் பேரினத்தில் நஞ்சுள்ள இனம் எதுவும் இதுவரை அறியப்படவில்லை. கரையானுக்குக் கைவந்த இந்த வேளாண்மை மனிதனுக்கு இன்னும் வசப்படவில்லை; சிப்பிக் காளானைப் போல இதைக் கொட்டகையில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்ப முடியாது. மண்ணிலிருந்து பறித்தால்தான் உண்டு.

இந்த அறிவு எப்படிப்பட்டது என்பதுதான் என் கேள்வி. புற்றுக் காளான் பறிப்பவர் "இது நஞ்சா, நல்லதா?" என்று கேட்பதில்லை. "இது அதுதானா?" என்று மட்டுமே பார்க்கிறார். கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையை அடையாளம் காண்பது போன்றது அது. அந்த அறிமுகத்தை நான் முழுதாக நம்புகிறேன். ஆனால் இதே பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வருகிறது: எந்தக் காளானையும் நல்லது கெட்டது என்று பிரித்துவிடும் பொதுவிதிகள். கொதிக்கும்போது வெள்ளிக் காசைப் போட்டால், நஞ்சானால் கறுக்கும். பூண்டு நிறம் மாறும். பூச்சியும் நத்தையும் தின்றது மனிதனுக்கும் ஆகும். தோல் உரிந்து வந்தால் நல்லது. பளிச்சென்ற நிறம்தான் ஆபத்து, வெளிறிய நிறத்துக்குப் பயமில்லை. கசக்காவிட்டால் தின்னலாம். நன்றாக வேகவைத்தால் எல்லாம் போய்விடும். உலகத்தில் மிக அதிகம் பேரைக் கொன்ற காளான் ஆங்கிலத்தில் டெத் கேப் எனப்படும் அமானிடா ஃபல்லாய்டஸ். அதை இந்த விதிகளுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். அமானிடாவின் நஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நத்தை அதைத் தின்றுவிட்டு நலமாகப் போகிறது. தோல் அழகாக உரிகிறது. நிறம் சாந்தமான வெளிர்பச்சை. சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். அதன் அமடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அழிவதில்லை. எல்லா விதிகளிலும் தேறிவிட்டுத்தான் அது தட்டுக்கு வருகிறது.

இவ்வளவு கூர்மையான அறிமுகத்தை வளர்த்துக்கொண்ட மனிதர்களிடம் இவ்வளவு பொய்யான விதிகள் எப்படித் தங்கின? அறியாமை என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. மரபறிவு தின்று பார்த்துத் தேறியது. தின்ற ஒரு மணி நேரத்தில் வாந்தி வந்தால், எது செய்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; அந்தக் காளானின் பெயரும் இடமும் மறப்பதில்லை. புல்வெளியில் வெள்ளைக் குடையாக வளரும் க்ளோரோஃபில்லம் அப்படிப்பட்டது, வயிற்றைக் கலக்கி உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அமடாக்சின் அப்படியல்ல. சாப்பிட்ட பின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் பேதியும். அடுத்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும் ஒரு தெளிந்த நாள். அந்த நாளில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கிறது. செல்லுக்குள் மரபணுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியையே நஞ்சு பிடித்து நிறுத்திவிடுவதால், புதிய புரதம் உண்டாகாமல் செல்கள் சாகின்றன. மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள் காமாலை தோன்றி அதன் பிறகு வரும் மரணத்தை, அதற்கு முன் எத்தனையோ வேளை உண்ட பிறகு, அந்த ஒரு இரவுக் குழம்போடு யார் முடிச்சுப் போடுவார்கள்? வேகமாகத் தண்டிப்பதை மரபு கற்றுக்கொள்கிறது. தாமதமாகத் தண்டிப்பது அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

"எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதைத்தான் தின்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பது வலுவான வாதம். தலைமுறைகளின் சாட்சியை லேசாகத் தள்ளக்கூடாது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஐரோப்பா விலைகொடுத்துக் கற்றது. பாக்சில்லஸ் இன்வொலூட்டஸ் என்ற பழுப்புக் காளானைக் கிழக்கு ஐரோப்பாவில் தலைமுறைகளாக வேகவைத்துத் தின்றார்கள். ஜெர்மன் காளானியலர் யூலியுஸ் ஷெஃபர், காளான்களை அறிவதையே வாழ்க்கையாகக் கொண்டவர், 1944-இல் அதைச் சாப்பிட்டுத்தான் இறந்தார். பலமுறை தின்றவரின் உடல் ஒருநாள் அதற்கு எதிராகத் திரும்பி, தன் சிவப்பணுக்களையே உடைத்துவிடுகிறது. நூறு முறை ஒன்றும் ஆகவில்லை என்பது நூற்றியோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகவில்லை. பிரான்சில் சந்தையில் விலைபோன மஞ்சள் காளான் ட்ரைக்கோலோமா எக்வெஸ்ட்ரே இன்னொரு சான்று. 1992-க்கும் 2000-க்கும் இடையில், அதை அடுத்தடுத்த வேளைகளில் நிறையத் தின்ற பன்னிரண்டு பேருக்குத் தசைகள் சிதைந்தன, மூவர் இறந்தனர். எப்போதாவது ஒரு கைப்பிடி தின்றவர்களின் சாட்சி பொய்யல்ல. அது அந்த ஒரு கைப்பிடிக்கு மட்டும் சாட்சி.

மரபு கற்றுக்கொள்ள முடியாத இன்னொன்று, ஊர் மாறுவது. மூன்றிலும் இதுவே என்னை அதிகம் வருத்துவது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நட்டு வளர்த்த ஐரோப்பிய ஓக் மரங்களோடு டெத் கேப்பும் குடியேறியிருக்கிறது. அங்கே கோடைக்காலமான 2011 டிசம்பர் 31 இரவு விருந்தில் அதைச் சாப்பிட்ட இருவர் சில நாட்களில் இறந்தனர். ஆசியாவிலிருந்து போனவர்கள் ஊரில் பழகிய வைக்கோல் காளானாக அதை எண்ணிவிடுவதுண்டு என்று அங்கே தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். மொட்டாக இருக்கும்போது இரண்டும் முட்டை போன்ற உறைக்குள் இருந்து வெளிவரும். அடியில் இரண்டுக்கும் பை உண்டு. காம்பில் வளையம் டெத் கேப்புக்கு மட்டும்தான், அதுவும் சில சமயம் உதிர்ந்துபோயிருக்கும். 2021-இல் காபூலிலிருந்து போலந்துக்கு அழைத்துவரப்பட்ட ஆப்கன் குடும்பம் ஒன்று, வார்சாவுக்கு அருகில் அகதிகள் மையத்தை ஒட்டிய காட்டில் கோடை முடியும் தறுவாயில் பறித்த காளானைச் சூப்பாக வைத்தது. ஐந்து வயதும் ஆறு வயதுமான சகோதரர் இருவர் இறந்தனர். போரிலிருந்து தப்பி வந்த குழந்தைகள். இவர்களில் யாரும் அசட்டையாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஊர் மாறிய பிறகும் கண் பழைய ஊரின் பெயரையே சொல்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் காட்டுக் காளானையே விட்டுவிடலாமே, கடையில் மொட்டுக் காளான் கிடைக்கிறதே என்று கேட்கலாம். பணம் இருப்பவர்களுக்கு அது நல்ல யோசனைதான். 2022 ஏப்ரலில் அசாமில் நச்சுக் காளான் தின்று பதின்மூன்று பேர் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். காளான் அவர்களுக்குப் பொழுதுபோக்கல்ல, அன்றைய குழம்பு. தடை போட்டால் பறிப்பது நிற்காது. ஒளிந்து நடக்கும், மருத்துவமனைக்கு வருவது இன்னும் தாமதமாகும். அதோடு தடை நல்ல அறிமுகத்தையும் சேர்த்து அழிக்கும். வேர்வரை தோண்டத் தெரிந்த கை ஒரு தலைமுறை ஓய்ந்துவிட்டால், அடுத்த தலைமுறை மேலோடு ஒடிக்கும். கைபேசிச் செயலிகளை நம்பலாம் என்பாரும் உண்டு. படத்தைப் பார்த்துச் சொல்லும் செயலிக்கு மண்ணுக்குள் இருக்கும் பை தெரியாது, மணம் தெரியாது, வித்துத்தூளின் நிறமும் தெரியாது.

வித்துத்தூள் சோதனை எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. குடையை மட்டும் வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படுமாறு வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டால், காலையில் செவுள்களின் அச்சு தூளாகப் படிந்திருக்கும். அமானிடாவுக்கு வெள்ளை, வைக்கோல் காளானுக்கும் புற்றுக் காளானுக்கும் இளஞ்சிவப்புச் சாயல், க்ளோரோஃபில்லத்துக்குப் பச்சை. இதையும் புதிய வெள்ளிக் காசாக்கிவிடக்கூடாது, ஏனெனில் எண்டோலோமா என்ற பேரினத்தின் நச்சு இனங்களும் இளஞ்சிவப்பாகவே தூவும். தூள், பை, வளையம், வேர், இடம், துணைமரம் எல்லாம் ஒரே பெயரைச் சொல்லும்வரை அடுப்பு காத்திருக்கலாம். மரபின் கை தோண்டுகிறது, ஆய்வின் கண் நிறத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே சமையலறைக்குள் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஆனாலும் இதைத் தனி ஆளின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. போலந்தில் சுகாதார நிலையங்களில் காளான் அறிந்தவர்கள் பறித்துவந்த கூடையை இலவசமாகப் பார்த்துச் சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஊர்களிலும் அப்படிப்பட்ட சோதனையாளர்கள் இருக்கிறார்கள். பிரான்சில் மருந்துக்கடைக்காரரின் படிப்பிலேயே காளான் உண்டு. அந்த ஆப்கன் குழந்தைகள் இறந்தது அப்படிப்பட்ட ஏற்பாடு இருந்த நாட்டில்தான் என்பதையும் மறைக்க முடியாது. ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது, வந்து சேர்ந்தவரின் மொழியில் அது அவரிடம் போய்ச் சேரவேண்டும். ஜெர்மனிக்கு அகதிகள் பெருமளவில் வந்த 2015-இல் ஹனோவர் மருத்துவக் கல்லூரி பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி வெளியிட்டது. அதுவும் பலர் நஞ்சுண்டு மருத்துவமனைக்கு வந்த பிறகுதான். நம் மலையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில், கோடை மழை தொடங்கும் வாரத்தில், புற்றுக் காளானையும் அதன் போலிகளையும் வேரோடும் பையோடும் காட்டும் ஒரு படம் சுவரில் இருந்தால், அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும்: சமைக்கும் முன் ஒரு காளானை அடிப்பகுதியோடு முழுதாக எடுத்துத் தாளில் சுற்றி வையுங்கள். மறுநாள் காலையில் யாருக்காவது வாந்தி தொடங்கினால், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.