தூரம் அறிந்த உளி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஓடும் சாகெனே ஆறு, செயின்ட் லாரன்ஸ் பேராற்றில் கலப்பதற்கு முன் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்குச் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே செல்கிறது. பனியாறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கு அது. அதன் தென்கரையில் மூன்று படிகளாக எழும்பி நிற்கிறது டிரினிடே முனை. முதல் படியில், நீர்மட்டத்திலிருந்து சுமார் 180 மீட்டர் உயரத்தில், வெண்ணிறத்தில் கைகூப்பி நிற்கிறது அன்னை மரியாவின் சுரூபம். பெயர் சாகெனே மாதா. கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரமும் மூன்று டன் எடையும் கொண்ட அந்தச் சுரூபத்தை 1881-இல் செய்தவர் லூயி ஜோபேன் என்ற பிரெஞ்சு-கனடியச் சிற்பி.

கீழே படகில் வருகிறவர் கண்ணுக்கு அது முதலில் ஒரு வெள்ளைக் கோடு. நெருங்க நெருங்கத் தோள் தெரிகிறது, முக்காடு தெரிகிறது, கூப்பிய கை தெரிகிறது. அத்தனை பெரிய பாறையின் மேல் மனித உருவம் தொலைந்துபோகாமல் நிற்கிறதே, அதுதான் ஜோபேனின் திறமை. பார்க்கிற கண் எங்கே இருக்கும் என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் உளியைக் கையில் எடுத்தார். அவருடைய கலை முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு சாவி போதும்.

அந்தக் கணக்கு அவருக்குத் தொழிலில் வந்தது. 1845-இல் செயின்ட் ரேமோன் என்ற ஊரில் பிறந்தவர் ஜோபேன். இருபது வயதில் கியூபெக் நகரத்துக்கு வந்து, பிரான்சுவா சேவியர் பெர்லிங்கே என்ற சிற்பியின் பட்டறையில் மூன்று ஆண்டுகள் தொழில் பழகினார். மரக்கப்பல் கட்டுவதில் கியூபெக் நகரம் பேர்பெற்றிருந்த காலம். ஒவ்வொரு கப்பலின் முகப்பிலும் ஓர் உருவம் வேண்டும். பிறகு நியூயார்க் சென்று ஓராண்டு வேலை பார்த்தார். அங்கும் கப்பல் முகப்புச் சிற்பங்களும் கடைகளுக்கான மர உருவங்களும் செய்பவர்களோடுதான் பழக்கம். 1870-இல் மான்ட்ரியாலில் சொந்தப் பட்டறை வைத்தார்.

கப்பல் முகப்பில் நிற்கும் உருவத்தை யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. துறைமுக மேடையிலிருந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அதுவும் ஆடிக்கொண்டே போகும். அலையும் உப்பும் அதன்மேல் அடிக்கும். கடைவாசலில் நிற்கும் உருவமும் அப்படித்தான். தெருவில் நடந்துபோகிறவன் ஒரே பார்வையில் அதை அடையாளம் காண வேண்டும். இத்தகைய வேலையில் விரல் நகத்தைச் செதுக்கிப் பயனில்லை. உடலின் வளைவும் ஆடையின் வீச்சும் தலையின் சாய்வும் பேச வேண்டும். ஜோபேன் புனிதர்களைச் செதுக்க வந்தபோது இந்தப் பாடத்தைக் கையோடு கொண்டுவந்தார். இரும்புக் கப்பல்கள் வந்து மரக்கப்பல் தொழில் படுத்துவிட்ட பிறகும், அந்தக் கை தேவாலயங்களுக்காக வேலை செய்துகொண்டே இருந்தது.

சாகெனே மாதாவின் கதை ஒரு நேர்த்திக்கடனில் தொடங்குகிறது. ஷார்ல் நெப்போலியன் ரொபித்தாய் என்பவர் ஊர் ஊராகச் சென்று வணிகம் செய்தவர். 1878-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உறைந்த சாகெனே ஆற்றைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து நீருக்குள் விழுந்தார். மாதாவை வேண்டிக்கொண்டார், பிழைத்தார். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் ஜோபேனிடம் வந்தார். பிரமாண்டமான மூன்று வெள்ளைப் பைன் கட்டைகளிலிருந்து சுரூபம் உருவானது. காற்றுக்கும் மழைக்கும் பனிக்கும் தாங்க வேண்டுமே என்று, செதுக்கிய மரத்தின்மேல் ஈயத் தகடு போர்த்தப்பட்டது. பிறகு அதைத் துண்டுகளாகப் பிரித்துப் பாறைமேல் ஏற்றி, அங்கேயே மறுபடி பொருத்தினார்கள். சாலை இல்லாத மலைமுனையில், மனிதர்களின் தோள்பலத்தை நம்பி நடந்த வேலை அது.

ஈயத் தகடு போர்த்துவதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். தகட்டை மரத்தின்மேல் வைத்துத் தட்டித் தட்டி, மடிப்புக்கு மடிப்பு படிய வைப்பார்கள். நுணுக்கமான செதுக்கல் எல்லாம் தகட்டுக்கு அடியில் மழுங்கிப்போகும். அகலமாகவும் ஆழமாகவும் வெட்டிய மடிப்புகள் மட்டுமே உயிரோடு வெளியே வரும். ஆகவே தகட்டுக்காகச் செதுக்குவது தனியொரு வித்தை. ஜோபேனின் ஆடை மடிப்புகள் தோளிலிருந்து பாதம் வரை நீண்டு இறங்குகின்றன. ஒளி மேட்டில் விழுகிறது, நிழல் பள்ளத்தில் தங்குகிறது. எவ்வளவு தள்ளி நின்று பார்த்தாலும் உருவம் தட்டையாகத் தெரியாததற்கு அந்த நிழல்தான் காரணம். ஈயமோ செம்போ போர்த்தி, சில நேரம் பொன் பூசி, தேவாலய முகப்புகளுக்கும் முற்றங்களுக்கும் அவர் செய்த சுரூபங்கள் பல. போஸ் பகுதியில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஊருக்காக, குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தை வதைக்கும் புனித ஜார்ஜியாரையும் இந்த முறையில்தான் செய்தார்.

தேவாலயத்துக்குள் நிற்கும் அவருடைய உருவங்களில் வேறொரு கை தெரிகிறது. வானதூதர்களின் சிறகிலும் கூந்தலிலும் உளி மெல்ல நடக்கிறது. ஆனால் முகத்தை அவர் அதிகம் பேசவிடுவதில்லை. கண்ணீர் வடிக்கும் புனிதர்களையும், உணர்ச்சி பொங்க மேலே பார்க்கும் முகங்களையும் அக்காலத்து அச்சுப் படங்கள் வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்தன. ஜோபேனின் முகங்கள் அமைதியானவை. உணர்ச்சியைக் கையும் உடலின் திருப்பமும் ஏற்றுக்கொள்கின்றன. குருசடிகளுக்காக அவர் செதுக்கிய பாடுபட்ட சுரூபங்களிலும் அந்த அடக்கம் இருக்கிறது. வழிப்போக்கன் நின்று முழந்தாளிடும் இடத்துக்கு அதுவே பொருத்தம்.

1894-இல் கியூபெக் நகரத்துக் குளிர்காலத் திருவிழாவுக்காக அவர் பனிக்கட்டியிலும் சிலைகள் செதுக்கினார். வசந்தம் வந்தால் உருகிப்போகும் என்று தெரிந்தே செய்த வேலை. பார்க்கிறவர்களுக்காகச் செய்வதே சிற்பம் என்று நினைத்தவருக்கு, அது எத்தனை நாள் நிற்கும் என்பது பெரிய கேள்வியாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மான்ட்ரியாலுக்குப் பிறகு அவர் கியூபெக் நகரத்தில் நடத்திவந்த பட்டறை 1896-இல் தீக்கிரையானது. ஐம்பது வயதைத் தாண்டிய ஜோபேன், புனித அன்னம்மாள் திருத்தலமான செயின்ட் ஆன் த போப்ரே என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து மறுபடி தொடங்கினார். யாத்திரிகர்கள் வந்துகொண்டேயிருக்கும் ஊர். வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளும் அங்கேதான். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. அச்சில் வார்த்து வண்ணம் பூசிய சுண்ணச் சுரூபங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் வழவழப்புக்குப் பங்குகள் மயங்கின. மரச் சுரூபங்கள் பரண்களுக்குப் போயின. 1925-இல் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் மாரியுஸ் பார்போ தேடிவந்து சந்தித்தபோது, ஜோபேன் எண்பதைத் தொட்ட முதியவர். அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் அருங்காட்சியகங்கள் அவர் பக்கம் திரும்பின. 1928-இல் அவர் காலமானார்.

பார்போ காலத்திலிருந்து ஜோபேனை நாட்டுப்புறக் கைவினைஞர் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அன்போடு சொன்னதுதான், ஆனாலும் அது அவருக்கு நியாயம் செய்யவில்லை. மூன்று நகரங்களில் தொழில் கற்று நடத்தியவர் அவர். செதுபடங்களையும் மாதிரி உருவங்களையும் முன்னால் வைத்து, ஐரோப்பியச் சமயச் சிற்ப மரபைத் தெரிந்துகொண்டு வேலை செய்தவர். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்துகொடுத்தார் என்பது குறையாகாது. கேட்டதைச் செய்யும்போதே இடத்தையும் வானிலையையும் பார்ப்பவரின் கண்ணையும் கணக்கில் எடுத்துக்கொண்டாரே, அந்த அறிவு எந்தக் கலைக் கல்லூரி அறிவுக்கும் குறைந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய மரச் சிற்பிகளின் வரிசையில் அவருக்கு இடம் உண்டு.

கனடா செல்லும் வாய்ப்புள்ள வாசகர்கள் கியூபெக் நகரத்து அருங்காட்சியகத்தோடு நின்றுவிட வேண்டாம். கண்ணாடிக்குள்ளும் மேடைமேலும் நிற்கிற ஜோபேன் பாதி ஜோபேன்தான். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, சாகெனேயில் படகேறி, டிரினிடே முனையின் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். அவர் உங்களுக்காகக் குறித்துவைத்த இடம் அதுதான்.