ரேம் பட்டையில் ஒரு வெட்டு

பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம் வாங்குகிறவர்கள் எத்தனை ஜிபி என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கென்னவோ அந்தப் பட்டையின் கீழ்விளிம்பில் உள்ள சின்ன வெட்டைத்தான் பிடிக்கும். தங்க முலாம் பூசிய பின்களின் வரிசையில் மையத்திலிருந்து அது கொஞ்சம் ஒதுங்கியே இருக்கும். அதனால் பட்டையைத் திருப்பிப் போட்டால் இறங்காது.

ரேம் தலைமுறைகளில் டிடிஆர்3-க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் அதே 288தான், ஆனால் 1.1 வோல்ட். கடைசி இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். வெட்டின் இடம் மட்டும் சற்று மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காரவே உட்காராது.

டிடிஆர்4-ன் கீழ்விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேர்கோடாக இருக்காது, நடுப்பகுதி லேசாக இறங்கியிருக்கும். எல்லா பின்னும் ஒரே நேரத்தில் ஸ்லாட்டைத் தொடாததால் அழுத்தம் குறைவாகவே போதும். கட்டைவிரல் நோவதைப் பற்றியும் யாரோ யோசித்திருக்கிறார்கள்!

பிராசஸர் பொருந்துமா என்பது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பழைய ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டில் ரைசன் 5000 வரிசைச் சிப் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் போர்டிலுள்ள பயாஸ் மென்பொருள் பழசென்றால் திரையில் ஒன்றும் வராது. கடைக்குப் போகும்போது போர்டின் மாடலோடு பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொண்டு போங்கள்.