பாலை நகரமும் நம் பயணக் கட்டுரைகளும்

மே மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம் ஏற்காட்டில் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஓய்வுக்கென்று சென்ற இடத்திலும் வாசிப்பை விட மனமின்றி, அண்மைக் காலத்தில் துபாய் நகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய நம்மவர் எழுதிய பயணக் கட்டுரைகளை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துச் சென்றிருந்தோம். சேர்வராயன் மலையின் மூடுபனியில் அமர்ந்து அரபுக் கடற்கரையின் வெயிலைப் படிப்பது ஒரு விசித்திர அனுபவந்தான். ஆனால், கட்டு முடிந்தபோது நமக்கு மிஞ்சியது ஏமாற்றமே என்பதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை.

கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. விமானம் இறங்குகிறது, குளிரூட்டிய கார் வந்து நிற்கிறது, 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா அண்ணாந்து பார்க்கப்படுகிறது, மாலையில் மணல்மேடுகளில் ஜீப் சவாரி, ஒட்டகத்தோடு ஒரு புகைப்படம், மறுநாள் தேராவின் தங்கக் கடைவீதி, இறுதியில், பாலைவனம் சோலைவனமான அதிசயத்தை வியந்து முற்றுப்புள்ளி. வியப்பது குற்றமன்று. முத்துக்குளிப்பையும் சிறு வணிகத்தையும் நம்பி வாழ்ந்து, ஜப்பானியரின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்தபின் 1930களில் நொடித்துப்போன ஒரு துறைமுகம், 1966இல் எண்ணெய் கண்டபின் இவ்வளவு உயர்ந்தது எவரையும் வியக்க வைக்கும். எனினும், வியப்பு மட்டுமே இலக்கியமாகிவிடாது.

நம் ஊர்களில் ‘பயணம்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ‘மகன் பயணத்தில் இருக்கிறான்’ என்றால் அவன் ஊர் சுற்றுகிறான் என்று எவரும் கொள்வதில்லை. கடல் கடந்து பொருளீட்டச் சென்றிருக்கிறான் என்றே கொள்வார்கள். சபராளி என்னும் சொல்லும் அவ்வழி வந்ததே. முன்பு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன சபராளிகள், 1970களிலிருந்து வளைகுடாவுக்குப் போனார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களிலும், பேசி அனுப்பிய ஒலிநாடாக்களிலும் நகர வருணனை இருந்ததில்லை. தாம் நலம், பணம் அனுப்பியாயிற்று, தங்கையின் நிக்காஹ்வுக்கு விடுமுறை கிடைக்குமா தெரியவில்லை, இவ்வளவே இருக்கும். அந்த நகரத்தைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

இன்று அந்தச் சபராளியின் மகன் அதே நகருக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகிறான். ஒரு கட்டுரையாளனுக்கு இதைவிடச் சிறந்த பொருள் எங்கே கிடைக்கும்? ஆனால், நாம் படித்தவற்றுள் ஒருவர், தம் தந்தையார் அந்நகரில் பல்லாண்டு உழைத்தவர் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே விடுதியின் காலை உணவுக்குத் தாவிவிடுகிறார். தந்தை எந்தத் தெருவில் வாழ்ந்தார், ஓர் அறையில் எத்தனை பேருடன் படுத்துறங்கினார், அந்த அறை இருந்த கட்டடம் இன்றும் நிற்கிறதா? ஒரு சொல் இல்லை. மகன் தேடவில்லை போலும்.

இதே அரபுக் கடற்கரையில், இன்றைய ஓமானின் ஸலாலாவை அடுத்து, ளஃபார் என்றொரு பழைய நகரம் இருந்தது. தஞ்சா நகரிலிருந்து 1325இல் புறப்பட்ட இப்னு பதூதா அங்கே இருமுறை சென்றிருக்கிறார். பாலையை ஒட்டிய அந்த ஊரில் தென்னையையும் வெற்றிலைக் கொடியையும் கண்டு, இவை இந்தியாவுக்குரியவை அல்லவா என்று அவர் மகிழ்ந்து எழுதுகிறார். கூடவே, ஊரின் கடைவீதி நாற்றமும் ஈயும் மலிந்தது என்கிறார். பழமும் மீனும் அங்கே குவிவதே காரணம் என்கிறார். கால்நடைகளுக்குத் தீனி மத்தி மீன் என்று வியக்கிறார். விற்பவர்களில் பெரும்பாலோர் கறுப்புடை அணிந்த அடிமைப் பெண்கள் என்பதையும் குறிக்கத் தவறவில்லை.

நம்மை நிறுத்தியது அதற்கடுத்த பகுதி. அங்கே சோளம் விளைகிறது. ஆழக் கிணற்று நீரே பாசனம். அந்த நீர் எப்படி மேலே வருகிறது? பெரிய வாளி ஒன்றில் பல கயிறுகளைக் கட்டி, ஒவ்வொரு கயிற்றையும் ஓர் அடிமையின் அல்லது பணியாளின் இடுப்பில் பிணைத்து, அவர்கள் இழுக்க இழுக்க நீர் ஏறுகிறது என்று விவரிக்கிறார் இப்னு பதூதா. அவர் புரட்சிக்காரர் அல்லர். தாமே அடிமைகளை வைத்திருந்தவர். இருந்தும், பாலையில் தண்ணீரைக் கண்டதும் அதை இழுக்கும் இடுப்பையும் கண்டார். மதுரையில் தம் சகலையாகிய சுல்தான் கியாஸுத்தீன் இழைத்த கொடுமைகளையும் உறவு கருதி மறைக்காமல் எழுதிவைத்தவர் அவரே. துபாயின் இசை நீரூற்றைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய நம்மவரில் ஒருவரேனும், ஆறே இல்லாத அந்நகரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. ஜபல் அலியில் கடல்நீரை நன்னீராக்குகிறார்கள் என்பது அங்கே எவரும் சொல்லும் செய்தி.

‘சுற்றுலா போனவன் களிக்கப் போனான், அவனைக் கண்ணீர்க் கணக்கு எழுதச் சொல்வதா?’ என்று அன்பர்கள் கேட்கலாம். கண்ணீரை நாம் கேட்கவில்லை. இப்னு பதூதாவும் களித்தவர்தாம். வெற்றிலையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் நமக்கே வாய் ஊறும். நாம் கேட்பது கண்ணை.

இந்தக் குறையை ஏற்காட்டில் இருந்துகொண்டு எழுதுவதில் நமக்கும் ஒரு சங்கடம் நேர்ந்தது. ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பெயர் பெற்ற இவ்வூரைப் பற்றிய கட்டுரைகளும் வேறெப்படி இருக்கின்றன? இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா முனை, கோடை விழாவின் மலர்க் காட்சி. காப்பித் தோட்டம் ஒரு பசுமையான பின்னணி மட்டுமே. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். கடைசி நாள் காலையில் ஒரு தோட்டத்து ஓரமாக நடந்தபோது, களை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் பழம் பறிப்பது எப்போது என்று கேட்டோம். “இப்ப வந்தா காயி பட்டாணி அளவுதாங்க இருக்கும். பறிக்கிறதப் பாக்கணும்னா மார்கழி, தையில வாங்க. அப்ப யாருங்க வர்றாங்க, குளுருல?” என்றார்.

அந்தச் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. பறிப்பு நடக்கும் பருவத்தில் பயணி வருவதில்லை. பயணி வரும் பருவத்தில் பறிப்பு இல்லை. துபாயிலும் அப்படியே. பயணிகளுக்கு உகந்த காலம் நவம்பர் முதல் மார்ச் வரை என்று எல்லாக் கட்டுரைகளும் அக்கறையோடு பரிந்துரைக்கின்றன. வெப்பம் 45 பாகையைத் தாண்டும் கோடையில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கலாகாது என்று அந்நாட்டு அரசே விதி வகுத்திருக்கிறது. அந்த விதி எந்த வெயிலுக்காக வந்ததோ, அந்த வெயிலை நம் கட்டுரையாளர் ஒருவரும் கண்டதில்லை. காணாததைக் கேட்டறியவாவது முயன்றிருக்கலாம்.

இன்னொன்று. அரபு இல்லமொன்றில் ஏலம் மணக்கும் கஹ்வாவைச் சிறு கோப்பையில் பருகிய அனுபவத்தை மூவர் எழுதியிருக்கிறார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக அசைத்துக் காட்டவேண்டும் என்ற வழக்கத்தை அழகாகவே சொல்கிறார்கள். ஆனால், மூவரும் அதை ‘அந்நியச் சுவை’ என்றார்கள்! யமன் நாட்டின் மோக்கா துறைமுகம்தான் ஒரு காலத்தில் உலகுக்கே காப்பி வழங்கியது. அக்கரையிலிருந்து பாபா புதன் ஏழு விதைகளைச் சிக்மகளூருக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பி பயிரிட்டார் என்பது வரலாறு. இங்கே நாம் பருகும் காப்பியின் பாட்டன் வீட்டுக்குப் போய், பாட்டனை அந்நியன் என்பதா? துபாயில் 1966 வரை இந்திய ரூபாய்தான் செலாவணி என்பதும், வளைகுடாவுக்கென 1959இல் நம் ரிசர்வ் வங்கி தனி நோட்டே வெளியிட்டது என்பதும் இவர்களுள் ஒருவருக்கும் எட்டவில்லை. காயலுக்கும் அக்கரைக்கும் இடையே குதிரைக் கப்பல்கள் ஓடியதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முழுதும் பழுது என்று சொல்வதும் நேர்மையாகாது. ஒரு கட்டுரையின் ஆசிரியர் ஓடையைக் கடக்க அப்ரா என்னும் படகில் ஏறுகிறார். கட்டணம் ஒரு திர்ஹம். படகோட்டி வங்காளதேசத்தவர். ஊர் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்கிறார். அவர் சுக்கானை விடாமல் மற்றொரு கையால் விரல்களை எண்ணுகிறார். எண்ணி முடிக்குமுன் கரை வந்துவிடுகிறது. அடுத்த பயணிகள் ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். கோபுரமும் இல்லை, நீரூற்றும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. கட்டுரை இரண்டே பக்கம். இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாமே என்பதுதான் அதன் ஆசிரியர்மீது நமக்குள்ள குறை.