சிலுவை என்ற சொல்

நம் பத்திரிகைகளில் வாரத்துக்கு ஒருவரையாவது சிலுவையில் அறைந்துவிடுகிறார்கள். தேர்தலில் இடம் கிடைக்காத பிரமுகர், படம் ஓடாத டைரக்டர், தோற்றுவிட்டுத் திரும்பிய கிரிக்கெட் தலைவர், யாராக இருந்தாலும் சரி. மறுவாரம் அதே மனிதர் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் வருகிறது. உயிர்த்தெழுவது அவ்வளவு சுலபமாகிவிட்டது.

கதைகளில் நிலைமை இன்னும் மோசம். மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவில் அகப்பட்டவன் சிலுவை சுமக்கிறான். காதலி கைவிட்டவன் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறான்; சுவரில் அவன் நிழல் சிலுவையாக விழுகிறது. ஆசிரியருக்குப் பரம திருப்தி. என் ஆட்சேபம் மதத்தைப் பற்றியது அல்ல. பக்தர்களின் மனம் புண்படுமே என்ற கவலையைப் பக்தர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை சொல்லைப் பற்றியது. கொட்டையை எறிந்துவிட்டு ஓட்டை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறோம்.

சிலுவை என்பது தமிழ்ச் சொல் அல்ல. மலையாளக் கரையின் பழைய கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் வைத்திருந்த சிரியாக் மொழியின் ‘ஸ்லீவா’தான் தமிழில் சிலுவையாகியிருக்கிறது. பிறகு வந்த போர்த்துகீசியர் ‘குருசு’ என்ற சொல்லைக் கொடுத்தார்கள். கன்னியாகுமரிப் பக்கத்துக் குருசடிகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ‘அறைதல்’ நம்முடைய வினை. பறை அறைவது, கன்னத்தில் அறைவது, ஆணி அறைவது எல்லாம் அதுதான். ‘சிலுவையில் அறைந்தார்கள்’ என்றவுடன் தமிழ்க் காதுக்குச் சுத்தியல் சத்தம் கேட்டுவிடுகிறது.

எனக்குக் கிரேக்கம் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்துச் சொல்கிறேன்: மூலத்தில் அந்தச் சத்தம் இல்லை. ‘ஸ்டௌரோஸ்’ என்றால் முதற்பொருள் நட்டு வைத்த கம்பம். அதிலிருந்து பிறந்த வினைக்குக் கம்பத்தில் ஏற்றுதல் என்று சொன்னால் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆணியா கயிறா, குறுக்குக் கட்டை உண்டா இல்லையா என்று அது சொல்லாது. எஸ்தரின் கதையில் ஆமானுக்கு விதித்த தண்டனைக்கும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே வினைதான். தமிழ் வேதாகமத்தில் அவனுக்குத் தூக்குமரம். ரோமாபுரி ஞானி ஸெனெகா, தம் காலத்தில் கண்டதைச் சொல்லும்போது, சிலரைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், சிலரைக் கழுவில் செருகினார்கள், சிலருடைய கைகளை விரித்துக் கட்டினார்கள் என்று எழுதுகிறார். தண்டனைக்கு ஒரே வடிவம் இருந்ததாகத் தெரியவில்லை. சேவகர்களின் மனம்போல நடந்திருக்கிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை வியக்க வைப்பது வேறு ஒன்று. நான்கு சுவிசேஷங்களிலும் அந்தக் காரியம் ஒரு வினைச்சொல்லோடு முடிந்துவிடுகிறது. வர்ணனை கிடையாது. ரத்தம், சதை, வலி, முனகல் என்று ஒரு வரி கிடையாது. சேவகர்கள் உடையைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டதைச் சொல்கிறார்கள், தலைக்கு மேல் மாட்டிய பலகையைச் சொல்கிறார்கள், வழியே போனவர்கள் செய்த பரிகாசத்தைச் சொல்கிறார்கள். ஆணி என்ற வார்த்தையேகூடப் பின்னால்தான், யோவானில் தோமா சந்தேகப்படுகிற இடத்தில்தான் வருகிறது. நம் கதாசிரியர் ஒருவரிடம் இந்தக் காட்சியைக் கொடுத்திருந்தால் ஆணிக்கே இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பார்.

ஏன் இந்தச் சிக்கனம்? அன்றைய வாசகனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் பார்த்திருந்தான். ஸ்பார்ட்டகஸின் கலகம் அடங்கிய கி.மு. 71-இல் பிடிபட்ட 6,000 அடிமைகளைக் காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகத் தொங்கவிட்டார்கள். அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரிய தண்டனை அது. கி.மு. 63-இல் ஸிஸரோ ஒரு கிழட்டு ஸெனட்டருக்காக வாதாடும்போது, சிலுவை என்ற பெயரே ரோமானியக் குடிமகனின் கண்ணிலும் காதிலும் நினைப்பிலும் படக்கூடாது என்றார். நாகரிகமான இடத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத வார்த்தை. இதை வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் மேடையில் கம்பீரமாக உச்சரிக்கிற சொல் அன்றைக்கு ஒரு கெட்ட வார்த்தை.

யூத சரித்திரக்காரர் யோசேபுஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். ஜெருசலேம் விழுந்த காலத்தில் வெளியூர் போய்த் திரும்பி வருகிறபோது, தொங்குகிறவர்களில் மூன்று பேர் தமக்குத் தெரிந்தவர்கள் என்று கண்டுகொண்டார். தளபதி டைட்டஸிடம் அழுது மன்றாடி இறக்கச் செய்தார். வைத்தியம் பார்த்தும் இரண்டு பேர் செத்தார்கள், ஒருவன் பிழைத்தான். பிழைத்தவன் பிறகு எப்படி வாழ்ந்தான் என்று யோசேபுஸ் எழுதவில்லை. ஒரு நாவலே அங்கே கிடக்கிறது. 1968-இல் ஜெருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் யெஹோஹனான் என்று பெயர் பொறித்த எலும்புப் பேழை கிடைத்தது. அவன் குதிகால் எலும்பில் சுமார் 11 சென்டிமீட்டர் நீள ஆணி அப்படியே இருந்தது. நுனி வளைந்திருக்கிறது. பிடுங்க வரவில்லை போலும், அதோடேயே புதைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களில் இப்படி எலும்பாக நமக்குக் கிடைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

வலி எல்லாத் தண்டனைக்கும் உண்டு. இதற்குத் தனியாக இருந்தது அவமானம். துணியை உரித்து, நாலு பேர் நடமாடுகிற வழியில் தூக்கிக் காட்டி, இவன் மனிதனே அல்ல என்று ஊருக்கு அறிவிக்கிற ஏற்பாடு. ரோமாபுரியின் பாலத்தீன் குன்றில் 1857-இல் கண்டெடுத்த ஒரு சுவர்க் கிறுக்கல் உண்டு. சிலுவையில் தொங்குகிற உருவத்துக்குக் கழுதைத் தலை. கீழே ஒருவன் கை தூக்கி நிற்கிறான். அலெக்ஸமெனோஸ் தன் தெய்வத்தைக் கும்பிடுகிறான் என்ற பொருளில் பக்கத்தில் எழுத்து. சிலுவையேற்றத்துக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய சித்திரங்களில் இது ஒன்று. பக்தன் வரைந்ததல்ல, கேலி செய்தவன் வரைந்தது.

இதை வைத்துத்தான் இந்தச் சொல்லைக் கையாளுகிறவர்களை நான் அளக்கிறேன். 1896-இல் சிக்காகோவில் பிரையன், தங்க நாணய முறையை எதிர்த்துப் பேசி, மனித குலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று கைகளை விரித்து நின்றார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. தோளில் தூக்குகிற கூட்டத்துக்கு முன்னால் இந்தச் சொல் வெறும் நாடகம். ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் நாவலில் கிழவன் எழுப்புகிற ஒலியை, ஆணி இறங்கும்போது மனிதன் எழுப்பும் ஒலியோடு ஆசிரியர் ஒப்பிடுகிறார். பாய்மரத்தைச் சுமந்து மேட்டில் ஏறவிடுகிறார், விழவைக்கிறார். நான் பெரிதும் மதிக்கிற புத்தகம்தான். ஆனால் அந்த இடங்களில் ஆசிரியரின் கை தெரிகிறது. சுறாவுக்குக் கொல்லத் தெரியும், அவமானப்படுத்தத் தெரியாது.

கஸான்ட்ஸாகிஸ் தலைப்பிலேயே கிறிஸ்துவை மீண்டும் சிலுவையில் ஏற்றினார். துருக்கியர் ஆட்சியில் ஒரு கிரேக்கக் கிராமம். பாடுகளின் நாடகத்தில் கிறிஸ்துவாக நடிக்க மனோலியோஸ் என்ற ஆட்டிடையனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பசியோடு வந்த அகதிகளுக்காக அவன் பேசப் போய் ஊருக்கே விரோதியாகிறான். கடைசியில் கோயிலுக்குள் சொந்த ஊர்க்காரர்களே அவனைக் கொல்கிறார்கள். அங்கே சிலுவை இல்லை. கட்டையும் இல்லை, விரித்த கையும் இல்லை. அந்தத் தலைப்பு பொருந்துவதற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகாரம் இருக்கிறது, ஆள்களை ஏவுகிற குரு இருக்கிறார், தாங்கள் செய்வது நியாயம் என்று நம்புகிற ஜனங்கள் இருக்கிறார்கள்.

நமக்கும் இதற்குச் சமானமான சொல் இல்லாமலில்லை. கழு. செய்முறை வேறு, ஊர் பார்க்கக் கம்பத்தில் ஏற்றிக் கொல்கிற நோக்கம் ஒன்றே. நம் எழுத்தாளர் தம் வாக்கியத்தில் சிலுவையை எடுத்துவிட்டு, ‘விமர்சகர்கள் என்னைக் கழுவில் ஏற்றினார்கள்’ என்று எழுதிப் பார்க்கட்டும். கை கூசும். நூற்றாண்டுகளாகப் பலர் முத்தமிட்டு வழவழப்பாக்கிய சொல் அது. இது யாரும் கழுவாத சொல்.

ஆனால் கழுவையும் கும்பிட்டவர்கள் நம்மிடையே உண்டு. தாழ்ந்த குடியில் வளர்ந்து, ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணை விரும்பிய குற்றத்துக்காகக் கழுவேறியவன் காத்தவராயன். அவன் கதையை 1958-இல் சினிமாவாகவும் எடுத்தார்கள். கிராமத்துக் கோயில்களில் அவன் தெய்வம். யாழ்ப்பாணத்துக் காத்தான் கூத்தில் அவன் பாடிக்கொண்டே கழுமரத்தில் ஏறுகிறான். கூத்து பார்க்கிறவர்களுக்குக் கழு என்றால் என்ன என்று யாரும் அடிக்குறிப்புப் போட வேண்டியதில்லை.